சாயங்காலம் வரை: லெட்கொக்கோன் கடற்கரைக்கு ஒரு நாள்

ரங்கூனிலிருந்து ஒரே நாளில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் கேட்பார்கள். முடியும். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். வழி, கட்டணம், எங்கே என்ன சாப்பிடலாம் எல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒரே ஒரு தடவை போனேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஏப்ரல் மாதம், தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது. இனிமேல் போகமாட்டேன். ஏன் என்பதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். வழியை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை முழுங்கினால் நான் மனுஷியே இல்லை.

காலை 5.30, பபேடான். எங்கள் தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்சாறு நூடுல்ஸ் விற்கிற கடைக்காரி அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். ஒரு கிண்ணம் பதினைந்து சாட். நின்றபடியே சாப்பிட்டோம். மூன்று பெண்கள், ஒரு குழந்தை. நான் சரோஜா, தையற்கடை வைத்திருக்கிறேன். மா மியா பர்மாக்காரி, அரசாங்கப் பள்ளியில் டீச்சர். மூன்றாவது மும்தாஜ். அவள் பாட்டனார் நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்து இங்கே துணிக்கடை போட்டவர். மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். மும்தாஜின் புருஷன் கப்பலில் வேலை. மகள் நூரிக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு தீடா என்று ஒரு பர்மியப் பெயர். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று இரண்டு பெயர் உண்டு.

பயணத்துக்கு மூலகாரணம் நூரிதான். பாடப் புத்தகத்தில் கடல் படம் பார்த்துவிட்டு, "இது நிஜமா?" என்று தன் உம்மாவிடம் கேட்டிருக்கிறாள். முப்பத்துநான்கு வயதில் மும்தாஜும் கடலைப் பார்த்ததில்லை. அவளிடம் இருந்தது அந்நியருக்குக் கொடுக்கிற பதிவு அட்டை. பிறந்தது இந்த ஊர், வாப்பாவை அடக்கியது இந்த ஊர், ஆனால் அட்டைப்படி அந்நிய நாட்டுக்காரி. அந்த அட்டை உள்ளவர்கள் ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி வாங்க வேண்டும். இரண்டு தடவை மனுப் போட்டாள். இரண்டு தடவையும் பதிலே இல்லை. எனக்கும் மா மியாவுக்கும் குடிமக்களுக்கான முழு அட்டை. எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

யோசனை சொன்னது மா மியா. அவள் தங்கை மா யின் கல்யாணம் ஆகாதவள், ஏறக்குறைய மும்தாஜ் வயது. அட்டையில் இருக்கிற படம் பத்து வருஷத்துப் பழசு, மூக்கு எது வாய் எது என்று தெரியாது. "தங்கச்சி அட்டையை நீ வச்சுக்க. ஒரு நாள் நீ மா யின்," என்றாள். அட்டை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் தெருக்களில் குடை இரவல் வாங்குகிற மாதிரி நடக்கிற காரியம். பிடிபட்டால் கொடுத்தவருக்கும் ஜெயில், வாங்கியவருக்கும் ஜெயில். தெரிந்தேதான் செய்வோம்.

அன்று கிளம்பும் முன் வீட்டிலேயே மும்தாஜ் தலைத்துணியை எடுத்துவிட்டு பர்மியப் பாவாடை கட்டி, கன்னம் நெற்றி எல்லாம் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிக்கொண்டாள். எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. "அடியே, இப்படியே உன்னை ஒருத்தனுக்குக் கட்டி வச்சிடலாம்," என்று நான் கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம்தான் அந்தச் சிக்கல் கண்ணில் பட்டது. கல்யாணமாகாத மா யின்னுக்குக் குழந்தை எப்படி வரும்?

"பயணிகள் பட்டியல்ல என் பிள்ளைன்னு எழுதிக்கலாம்," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நூரியை உட்காரவைத்து மும்தாஜே சொல்லிக்கொடுத்தாள். இது ஒரு விளையாட்டு. சாயங்காலம் வரைக்கும் சரோ மாமிதான் உனக்கு அம்மா. அம்மான்னுதான் கூப்பிடணும். நான் டோடோ. டோடோ என்றால் பர்மியத்தில் அத்தை, சித்தி, எல்லாம் ஒன்றுதான். யார் கேட்டாலும் மாத்திச் சொல்லக்கூடாது. ஒருதடவைகூடத் தப்புப் பண்ணாம இருந்தா ஐஸ் வாங்கித் தருவேன்.

"சாயங்காலம் ஆனதும் உம்மான்னு கூப்பிடலாமா?" என்று கேட்டாள் நூரி.

"ஆமாண்டி கண்ணு. படகு திரும்பி வந்து, சாயங்காலம் ஆனதும்."

காலை 6.30, பன்சோடான் படகுத்துறை. உள்ளூர்க்காரருக்கு எதிர்க்கரை டாலா போக இரண்டு சாட். மேல்தட்டில் பெஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம். அன்று கிடைத்தது. ஆறு பால் ஊற்றாத டீ நிறத்தில் கலங்கி ஓடியது. கோழிக்கூடை, மூங்கில்கட்டு, சைக்கிள் எல்லாம் எங்களோடு ஏறின. அக்கரை சேர பத்து நிமிஷம். மும்தாஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரங்கூனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்தப் பக்கமிருந்து அவள் அதைப் பார்த்ததே இல்லை.

டாலாவில் இறங்கியதும் சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள். அவர்களைத் தாண்டி நூறு அடி நடந்தால் பழைய யுத்த காலத்து ஜீப்புகள் நிற்கும். ஊ தெய்ன் என்பவரின் ஜீப்பைப் பேசினோம். போகவர மூவாயிரத்து ஐந்நூறு சாட், பெட்ரோல் அவருடையது. ஐம்பது வயது, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். கடற்கரை நாற்பத்தைந்து மைல் என்றார். வழியில் சோதனைக் கேட்டுகளில் கொடுக்கிற பயணிகள் பட்டியலை அவரே கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினார். பெயர், அட்டை எண், தகப்பன் பெயர். கடைசி வரியில், "மா தீடா, வயது ஆறு, தாய் சரோஜா." எழுதிவிட்டு எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிரதிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காலை 8.15, துவாண்டே ஊர் தாண்டி முதல் சோதனைக் கேட். சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் கூரைக்கொட்டகை. காவலுக்கு நின்றவர் பட்டியலை வாங்கி அட்டைகளைச் சரிபார்த்தார். மா யின்னின் அட்டையில் கொஞ்ச நேரம் கண் நின்றது. அப்புறம் நூரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உன் அம்மா யாரு?" என்றார். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இவங்க!" என்றாள். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மூங்கிலைத் தூக்கினார். கொஞ்ச தூரம் போனதும் நாங்கள் மூவரும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி சிரித்தோம். நூரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஆட்டத்தில் இருந்தாள்.

காலை 10.30, லெட்கொக்கோன். படத்தில் பார்க்கிற நீலக்கடலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆற்று வண்டல் கலந்து பழுப்பாக இருக்கும், கரையும் சேறு. தென்னை நிறைய. ஆனாலும் கடல் கடல்தான். மும்தாஜ் கணுக்கால் தண்ணீரில் நின்று, "அல்லாவே, இம்புட்டா!" என்றாள். நூரி நண்டு துரத்தினாள். என்னைத்தான் கூப்பிட்டாள், "அம்மா, இங்க பாருங்க, அம்மா!" என்று. மும்தாஜ் என்னைப் பார்த்து, "நல்லாத்தான் நடிக்கிறா கள்ளி," என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மா மியாவின் பெரியம்மா வீடு வயல் ஓரத்தில். மீன்குழம்பு வைத்திருந்தாள். பதினொன்றே முக்கால் இருக்கும், பின்பக்கம் வைக்கோல் போரிலிருந்து நூரி கத்தினாள். கோழிக்குஞ்சைப் பிடிக்கப் போரில் கைவிட்டிருக்கிறாள். வலது கைமேல் இரண்டு பொட்டு ரத்தம். ஊ தெய்ன் கழியோடு ஓடிப் பாம்பை அடித்துவிட்டார். கண்ணாடி விரியன். இங்கே வயல்காடு எல்லாம் அதுதான். செத்த பாம்பை ஒரு சாக்கில் போட்டு ஜீப்பில் ஏற்றினார். டாக்டர் பார்த்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்வார், அதனால் கடித்த பாம்பையும் கொண்டுபோவது இங்கே வழக்கம்.

பகல் 12.40, வழியில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர், தனியாளாக அறுபது நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார். நூரியின் கை முழங்கை வரை வீங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. முன்மேசையில் இருந்த குமாஸ்தா அட்டையும் பட்டியலும் கேட்டார். கொடுத்தோம். "அம்மா மட்டும் உள்ளே வரலாம்," என்றாள் நர்ஸ்.

மும்தாஜ் ஒரு அடி எடுத்து வைத்தாள். மா மியா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் வேலை, தங்கை வேலை, இரண்டு பேர் ஜெயில், எல்லாம் அந்த ஒரு அடியில் இருந்தது. மா மியாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நூரி வலியில் அழுதுகொண்டே தன் உம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னிடம் கையை நீட்டி, "அம்மா," என்றாள். நான் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எங்கள் ஆஸ்பத்திரிகளில் கட்டில் உண்டு, டாக்டர் உண்டு. ஊசி, குழாய், பஞ்சு, சலைன் எல்லாம் நோயாளியின் ஆட்கள் வெளியே வாங்கி வர வேண்டும். பாம்புக்கு மாற்று மருந்து மட்டும் டாக்டர் பூட்டி வைத்திருந்தார். மற்றதற்குச் சீட்டு எழுதி நர்ஸ் வாசலில் நின்றவர்களிடம் கொடுத்தாள். எதிர்க்கடை சாத்தியிருந்தது. சந்தைக்கு ஓடினவள் மும்தாஜ். அம்மாவாக இருப்பவள் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா, அதனால் சித்திதான் ஓட வேண்டும்.

டாக்டர் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "இது குதிரை ரத்தத்தில் இருந்து எடுக்கிற மருந்து. சில பிள்ளைகளுக்கு ஒத்துக்காது. முன்னாடி நாய்க்கடிக்கோ வேறெதுக்கோ இந்த மாதிரி ஊசி போட்டு, தடிப்பு, மூச்சுத் திணறல் ஏதாவது வந்திருக்கா? வந்திருந்தா சந்தையிலிருந்து அந்த ஒவ்வாமையை முறிக்கிற ஊசி வர்ற வரைக்கும் பொறுக்கணும். இல்லைன்னா இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

போன மழைக்காலத்தில் நூரியை நாய் கடித்தது எனக்குத் தெரியும். ஊசி போட்டார்கள் என்பதும் தெரியும். அப்போது நான் மாண்டலேயில் கொழுந்தனார் வீட்டில் இருந்தேன். ஊசிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தயங்கினால் இவள் தாய் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தில், பட்டென்று, "ஒண்ணும் வரலை சயா," என்றேன். டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

மருந்து ஏற ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது. நூரியின் கழுத்தில் தடிப்புக் கிளம்பியது. உதடு நீலமாயிற்று. மூச்சை இழுக்கிறாள், உள்ளே போகவில்லை. டாக்டர் குழாயைப் பிடுங்கிவிட்டு, "அந்த ஊசி எங்கே, ஊசி எங்கே?" என்று கத்தினார். மும்தாஜ் ஓடி வந்தாள். பையை நர்ஸ் கையில் திணித்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள். "நாய்க்கடி ஊசியிலேயே மூச்சு நின்னு பிழைச்ச பிள்ளை சயா! அதையா போட்டீங்க? யாரு போடச் சொன்னது?" என்று அலறினாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மும்தாஜ் கொண்டுவந்த முறிவு ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பியது. ஆனால் பாம்பு மருந்து பாதிக்கு மேல் ஏற்ற முடியவில்லை. "சிறுநீரகம் நின்னுபோகும். இங்கே அதுக்கு வழியில்லை. உடனே ரங்கூனுக்குக் கொண்டுபோங்க," என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். தாய் பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு பட்டியலைப் பார்த்து என் பெயரையே எழுதினார். அது எங்கள் மேல் உள்ள இரக்கம்.

பிற்பகல் 2.30. ஜீப்பில் நூரியை மும்தாஜ் மடியில் போட்டுக்கொண்டாள். நான் தாங்க மாட்டாமல், "மும்தா, நான்தான்டி சொன்னேன், ஒண்ணும் வரலைன்னு நான்தான் சொன்னேன்," என்றேன். அவள் பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வாயை மூடிக்கிட்டு வா சரோ," என்றாள். சாலைப் பள்ளங்களில் ஜீப் விழுந்து எழும்போதெல்லாம் நூரி முனகினாள்.

பிற்பகல் 4.10, அதே கேட், அதே காவல்காரர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் வந்தார். மும்தாஜ் அழுது அழுது தனக்கா முழுக்கக் கரைந்துபோயிருந்தது. காலையில் பார்த்த முகம் அதில் இல்லை. அட்டையைக் கேட்டார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது நீ இல்லை. இறங்கு," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இவள்தான் தாய், விடுங்கள் என்று சொல்லத்தான். மும்தாஜ் என் முழங்காலை அழுத்தினாள். உண்மையைச் சொன்னால் பட்டியல் பொய்யாகும், ஜீப்பே நிற்கும் என்று அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் தெரிந்திருந்தது. நூரியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கீழே இறங்கி நின்று அந்த ஆளிடம் சொன்னாள்:

"தப்பு என்னுது. இவங்களுக்கு நான் யாருமில்லை. வழியிலே சேர்ந்துக்கிட்டேன். பிள்ளைக்கு உயிர் போவுது, தாயையும் பிள்ளையையும் விட்டுடுங்க."

காவல்காரர் டாக்டர் கடிதத்தைப் படித்தார். தாய் சரோஜா. பட்டியலிலும் தாய் சரோஜா. எல்லாம் சரியாக இருந்தது. "தாயும் பிள்ளையும் போகலாம்," என்றார். அட்டைக்குப் பதில் சொல்ல மா மியாவும் இறங்கிக்கொண்டாள். ஜீப் கிளம்பியபோது நூரி கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தாள். மும்தாஜ் கையை ஆட்டவில்லை. யாருமில்லாதவள் கை ஆட்டக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

மாலை 5.50, டாலா படகு. ஊ தெய்ன் ஜீப்பை அப்படியே தெருவில் போட்டுவிட்டு எங்களோடு படகில் ஏறினார். கூட்டத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். எதிர்ப் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. ஆற்றுக்கு மேல் சூரியன் சிவப்பாக, கண் கூசாமல் பார்க்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. நடு ஆற்றில் நூரி என் சேலையை இழுத்தாள். குனிந்தேன். பர்மியத்தில், மெதுவாக, காதில் கேட்டாள்.

"சாயங்காலம் ஆயிடுச்சா?"

நான் அந்தப் போலீஸ்காரரைப் பார்த்தேன்.

"இன்னும் இல்லை கண்ணு," என்றேன்.

"சரிம்மா," என்றாள்.

பிறகு அவள் பேசவில்லை. ரங்கூன் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே நினைவு தப்பிவிட்டது. மும்தாஜை ஜெயிலுக்கு அனுப்பாமல், எழுதி வாங்கிக்கொண்டு மறுநாள் பிற்பகல் விட்டார்கள். நேராக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நூரி, உம்மா வந்துட்டேன்டி," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை போய்விட்டது. உடலைப் பெற்றுக்கொள்ள என் கையெழுத்துத்தான் வேண்டும் என்றார்கள். காகிதம் அத்தனையிலும் நான்தான் தாய். போட்டேன். மா மியாவுக்கும் தங்கைக்கும் வேலை போயிற்று. அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியாது.

இதெல்லாம் நடந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சாலை இப்போது தேவலை என்கிறார்கள். படகுக் கட்டணம் ஏறியிருக்கிறது, ஜீப்புக்குப் பதில் கார் கிடைக்கிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போய்வாருங்கள். நான் பன்சோடான் பக்கம் போவதில்லை. துணி எடுக்கப் போட்டாதாங் பேட்டைக்குப் போக வேண்டி வந்தால்கூட ஆற்றோரச் சாலையை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மும்தாஜ் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். என்னோடு பேசாமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. பெருநாளுக்குப் பிரியாணி அனுப்புகிறாள், பார்த்தால் "சாப்ட்டியா சரோ?" என்கிறாள். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, நூரியின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"படகுல ஏதாச்சும் கேட்டாளா?"

"ஒண்ணும் கேக்கலை, தூங்கிட்டா," என்றேன்.

அவளுக்குத் தமிழ் படிக்க வராது, பேச மட்டும்தான் வரும். இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால் காட்டட்டும். மும்தா, அவள் கேட்டாள். சாயங்காலம் ஆகியிருந்தது. நான்தான் இல்லை என்று சொன்னேன்.